இரண்டு புள்ளி

ஒரு காலைக்குப் பன்னிரண்டு புள்ளி.
இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க ஒன்று,
பெருங்குடலுக்கு இரண்டு.
பயிற்சி மருத்துவர் நின்றால் மொத்தமே பத்து.
கொவென்ட்ரியில், வெளிநோயாளர் பிரிவின் பின்புறம்,
ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து
மனிதர்களைப் புள்ளிகளாக நிரப்புகிறேன்.
தமிழில் பெரும்புள்ளி என்றால்
காரும் கழுத்துச் சங்கிலியுமாகத் திரிகிறவர்.
இங்கே,
மலத்தில் ரத்தம் கண்டு
மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்.

அறைகள் மூன்று. ஓடுவது இரண்டு.
மூன்றாவதில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறோம்.
அதற்குத் தாதியர் இல்லை.
விளம்பரம் போட்டிருக்கிறார்கள், போன வருடம் போட்டதையே.
போன செவ்வாய்
குழாய் கழுவும் இயந்திரம் பாதியில் நின்று
சிவப்பு விளக்கைக் காட்டியது.
நாட்டிங்ஹாமிலிருந்து ஆள் வர மூன்று மணி நேரம்.
இரவெல்லாம் மருந்து குடித்துக்
கழுவிய வயிற்றோடு வந்திருந்த ஐந்து பேரிடம்
உங்கள் வயிறு சுத்தம், எங்கள் குழாய் சுத்தமில்லை என்று
அபிம்போலா அக்கா சொன்ன விதத்தில்
ஒருவர் சிரித்தார்.
மற்ற நாலு பேர் கோட்டை மாட்டினார்கள்.

தொலைபேசியில் என் பெயரைச் சொன்னால்
சிலருக்குப் பிடிபட்டுவிடும்.
"பிள்ளை, நீங்கள் தமிழோ?"
செல்வச்சந்திரன், ஐம்பத்தெட்டு வயது,
ஃபோல்ஸ்ஹில் பக்கம் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை.
"நான் எத்தனையாவது ஆள்?"
எண் சொல்லக் கூடாது. சொல்லவும் முடியாது.
அவசரம் என்று முத்திரை விழுந்த ஒவ்வொரு கடிதமும்
அவரைத் தாண்டிப் போய் முன்னால் நிற்கும்.
"கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ."
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்,
நானூற்றுப் பன்னிரண்டு பேரை.
அவர் தொலைபேசியை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.
பின்னால் யாரோ
நாலாம் பம்புக்குக் காசு கட்டினார்கள்.

இன்று காலை ஒன்பது ஐந்துக்குத் திருமதி ப்ராட்பென்ட்.
கணவருக்கு நாளை கொடுத்த நேரத்தை
ரத்து செய்ய வேண்டுமாம்.
வேறு நாள் தரட்டுமா என்று
வாய்ப்பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
வேண்டாம் கண்ணே, ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார் என்றார்.
இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கு
மன்னிக்கச் சொன்னார்.
யாருக்காவது அந்த இடம் உதவுமே என்று நினைத்தாராம்.
மருந்துப் பொட்டலம் பிரிக்காமல் இருக்கிறது,
திருப்பித் தர வேண்டுமா?

திரை காரணம் கேட்டது.
நோயாளி மறுத்தார்.
நோயாளி வரவில்லை.
மருத்துவமனை ரத்து செய்தது.
கடைசி வரியை அழுத்தினேன்.
பத்தொன்பது வாரம் நாலு நாளாக
அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓடிய கடிகாரம் நின்றது.
ஆங்கிலத்தில்தான் இருந்தது.
எனக்குள் தமிழில் விழுந்தது:
காலமானார்.
அந்தச் சொல்லை இத்தனை நாள்
பிரித்துப் பார்த்ததில்லை.

இரண்டு புள்ளி காலி. நாளை பத்து நாற்பது.
வரிசைப்படி முதல் ஆள் எடுக்கவில்லை.
அடுத்தவருக்கு
மயக்கம் தெளிந்தபின் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை.
பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்றேன்.
அவர்கள் பெயர் தெரியாது என்றார்.
மூன்றாவது பெயரைப் பார்த்தேன்.
நான் ஏற்றவில்லை, இறக்கவில்லை.
இன்னொரு தடவை எண்ணினேன்,
யாருக்கும் காட்டுவதற்காக அல்ல.

இரவு வேலை முடித்துத் தூங்குகிறவரை எழுப்பி,
நாலு மணிக்குள் மருந்து எடுக்க வேண்டும்,
இப்போதிருந்து பருப்பு, கீரை, விதையுள்ள பழம்
எதுவும் கூடாது என்றேன்.
"ஐயோ, இப்பதான் கீரையும் பருப்பும்
சாப்பிட்டுப் படுத்தனான்."
அபிம்போலா அக்காவைக் கேட்டேன்.
கண்ணை மூடி யோசித்து,
தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், வரச் சொல் என்றார்.
சொன்னேன்.
கட்டில் கிறீச்சிட்டது.
"ஆரோ வரேலாது எண்டவையோ?"
ஓம் என்றேன்.
"பாவம். அவைக்கு என்ன அவசரமோ."
கார் பார்க் இயந்திரம்
சில்லறை மட்டும்தான் எடுக்கும், கொண்டு வாருங்கள் என்றேன்.